சென்னையில் ஃபிளாட், அப்பா எழுதிய உயில்: புரொபேட் எடுத்தே ஆகணுமா?

12 ஆகஸ்ட் 2024 · உயில்தேடி

திருவல்லிக்கேணியில் ஃபிளாட், விழுப்புரம் பக்கம் கொஞ்சம் நஞ்சை. இரண்டையும் காலமான அப்பா, அம்மாவின் பேருக்கே உயில் எழுதியிருக்கிறார். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிவும் ஆகியிருக்கிறது. தரகர் "பதிவான உயில் சார், கோர்ட்டே வேண்டாம், நேரா வித்துடலாம்" என்கிறார். வாங்க வந்தவரின் வக்கீலோ புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) இல்லாமல் பத்திரத்தைக் கையில் தொட மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

12 ஆகஸ்ட் 2024 · பழைய குமாஸ்தா

வக்கீல் சொல்வதுதான்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமே கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும், முத்திரைத் தாள் வேண்டாம். பதிவு செய்திருந்தால் இன்னார் இன்ன தேதியில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டார் என்பதற்கு ஒரு தடம் கிடைக்கும், அவ்வளவுதான். உயில் உண்மையானது என்று பதிவாளர் யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை.

புரொபேட் வேண்டுமா என்பதை 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 57, 213 பிரிவுகள் தீர்மானிக்கின்றன. பார்க்க வேண்டியவை இரண்டு: உயில் எந்த ஊரில் எழுதப்பட்டது, அசையாச் சொத்து எந்த ஊரில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் சிவில் எல்லைக்குள் (அது சிவில் வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் நகரப் பகுதிக்குள்) ஓர் இந்து எழுதிய உயில் என்றால், அதை வைத்து உரிமை கோர புரொபேட் வேண்டும். எல்லைக்கு வெளியே எழுதியிருந்தாலும், எல்லைக்குள் வீடோ மனையோ இருந்தால் அந்தச் சொத்து அளவுக்கு வேண்டும். கோயம்புத்தூரில் எழுதி, சொத்தும் கோயம்புத்தூரிலேயே இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

உங்கள் விஷயத்தில் உயிலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இடம் சென்னை என்றிருந்தால் விழுப்புரம் நிலத்தையும் சேர்த்தே மனு போட வேண்டும். விழுப்புரம் என்றிருந்தால் ஃபிளாட்டுக்கு மட்டும் கட்டாயம். ஆனால் எப்படியும் கோர்ட்டுக்குப் போகிறீர்கள், இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

13 ஆகஸ்ட் 2024 · கடற்கரைச் சாலை

மேலே குமாஸ்தா சொன்னது இந்து, பௌத்த, சீக்கிய, சமண உயில்களுக்கு. முஸ்லிம்களுக்கு 213 எப்போதுமே கிடையாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002 திருத்தத்தில் விலக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய பழக்கத்தில் இன்றைக்கும் சில வங்கிகள் கிறிஸ்தவக் குடும்பங்களிடம் புரொபேட் கேட்கின்றன. அந்தத் திருத்தத்தை எடுத்துக் காட்டினால் போதும்.

இன்னொன்று, "சென்னை" என்று முகவரியில் போட்டுக்கொள்வதால் மட்டும் ஒரு வீடு உயர் நீதிமன்ற எல்லைக்குள் வந்துவிடாது. தாம்பரம், ஆவடி எல்லாம் வெளியே. பத்திரத்தில் உள்ள கிராமம், சர்வே எண் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

13 ஆகஸ்ட் 2024 · உயில்தேடி

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். உயில் பதிவானதே அதில் வரவில்லை. பதிவு பொய்யோ?

13 ஆகஸ்ட் 2024 · பழைய குமாஸ்தா

பொய் இல்லை. உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் பதிவாகின்றன. வில்லங்கச் சான்றில் வருவது 1-ஆம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் கிடைக்கும். அதற்குப் பிறகு இறப்புச் சான்றிதழ் காட்டி யாரும் வாங்கலாம். அப்படி நகல் வாங்கும்போது அதே ஆபீசில் அதற்குப் பிந்தைய உயிலோ ரத்துப் பத்திரமோ இருக்கிறதா என்றும் தேடச் சொல்லுங்கள். கோர்ட்டில் "இதுவே கடைசி உயில்" என்று சத்தியம் செய்யப்போவது நீங்கள். திருத்த உயில் தனியாக இருந்தால் அதையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும்.

16 ஆகஸ்ட் 2024 · பழைய குமாஸ்தா

வழக்கு நிற்பதும் விழுவதும் சாட்சியால்தான், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள். ஒவ்வொருவரும் உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தானும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டாம்.

கோர்ட்டில் ஒரு சாட்சி வந்தால் போதும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68-ஆம் பிரிவு. 1 ஜூலை 2024 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 67. சிக்கல் எங்கே என்றால், வருகிற அந்த ஒருவர் தன் கையெழுத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். மற்றவர் போட்டதையும் அவர் வாயாலேயே சொல்லியாக வேண்டும். ஜானகி நாராயண் போயிர் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியாயிற்று. ஆகவே பிரமாணப் பத்திரத்தில் இந்த நாலும் வரிவரியாக இருக்கிறதா பாருங்கள்: உயில் எழுதியவர் போட்டதை நான் பார்த்தேன், நான் போட்டதை உயில் எழுதியவர் பார்த்தார், மற்ற சாட்சியும் உயில் எழுதியவர் போட்டதைப் பார்த்தார், மற்ற சாட்சி போட்டதை உயில் எழுதியவரும் பார்த்தார். "நாங்கள் இருவரும் சாட்சிக் கையொப்பம் இட்டோம்" என்ற ஒற்றை வரி போதாது.

மனுவிலேயே ஒரு சாட்சியின் சரிபார்ப்பு உறுதிமொழியும் வேண்டும், 281-ஆம் பிரிவு. "கிடைக்கும் பட்சத்தில்" என்று சட்டம் ஒரு சந்து விட்டிருக்கிறது. சாட்சி இறந்துவிட்டால் அவருடைய இறப்புச் சான்றிதழை மனுவோடு வைத்துவிடுங்கள்.

16 ஆகஸ்ட் 2024 · தாளும் பேனாவும்

இரண்டு சாட்சியும் போய்ச் சேர்ந்துவிட்டால்?

17 ஆகஸ்ட் 2024 · பழைய குமாஸ்தா

அப்போது அதிநியமம் 68. சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தாவது அவருடையதுதான் என்றும், உயில் எழுதியவரின் கையெழுத்து அவருடையதுதான் என்றும், அந்தக் கையெழுத்துகளை அறிந்தவர் வந்து சொல்ல வேண்டும். சாட்சியின் மகன், கூட வேலை பார்த்தவர், யாரானாலும் சரி. அவர் கையெழுத்திட்ட பழைய பத்திரம், வங்கிக் கடிதம் போன்றவை ஒப்பிட உதவும்.

எழுபத்தெட்டு வயதுக்காரர் தன் கூட வாக்கிங் வருகிற எண்பது வயது நண்பர்கள் இரண்டு பேரைச் சாட்சியாகப் போடுவார். உயில் திறக்கப்படும்போது மூன்று பேருமே இருக்க மாட்டார்கள். சாட்சியாக நாற்பது வயதுக்காரரைப் பிடியுங்கள்.

17 ஆகஸ்ட் 2024 · கடற்கரைச் சாலை

படுத்த படுக்கையாக இருக்கிற சாட்சிக்கு அட்வகேட் கமிஷனர் நியமிக்கச் சொல்லி வீட்டிலேயே சாட்சியம் பதிவு செய்யலாம். தாமதிக்காமல் முதல் வாய்தாவிலேயே கேட்டுவிட வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் "இவரை எனக்குத் தெரியும்" என்று பின்பக்கம் கையெழுத்துப் போடுகிறவர்கள் அடையாள சாட்சிகள். அவர்களை உயிலின் சாட்சிகளாகக் கொள்ள முடியாது. பலமுறை அதே இருவர் முன்பக்கமும் போட்டிருப்பார்கள், அப்போது பிரச்சினை இல்லை. முன்பக்கம் ஒருவர் மட்டும் போட்டு, பின்பக்கத்தை வைத்து எண்ணிக்கையை ஒப்பேற்றப் பார்க்கும் உயில்கள் வருகின்றன. அவை ஆபத்து.

20 ஆகஸ்ட் 2024 · தாளும் பேனாவும்

சாட்சிக்கே சொத்தில் பங்கு எழுதியிருந்தால் அந்தப் பங்கு செல்லாது என்று படித்தேன். கல்யாணம் ஆனால் பழைய உயில் ரத்து என்றும்.

20 ஆகஸ்ட் 2024 · பழைய குமாஸ்தா

இரண்டும் இந்துக்களுக்குப் பொருந்தாது. நீங்கள் படித்தது 67, 69 பிரிவுகள். இந்து உயில்களுக்கு எந்தெந்தப் பிரிவு பொருந்தும் என்று சட்டத்தின் 3-ஆம் அட்டவணை பட்டியல் போடுகிறது. அதில் 63, 64, 68, 70 எல்லாம் உண்டு, 67-ம் 69-ம் கிடையாது. யூடியூப் வக்கீல்கள் இந்த அட்டவணையைத் திறப்பதே இல்லை.

ஆனால் செல்லும் என்பதற்காகச் செய்யாதீர்கள். பலன் பெறுகிறவரே சாட்சி என்றால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் குறுக்கு விசாரணையில் அதைவிட நல்ல தீனி கிடையாது. பலன் பெறுகிறவர் உயில் தயாரிப்பில் முன்னின்றது, உடம்பு சரியில்லாத நேரத்தில் எழுதியது, காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை விட்டது: இவையெல்லாம் சந்தேகச் சூழ்நிலைகள். அவற்றை விளக்கித் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவருடையது. வெங்கடாசல ஐயங்கார் வழக்கு, 1959. இன்றுவரை எல்லாத் தீர்ப்பும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

27 ஆகஸ்ட் 2024 · உயில்தேடி

மனு யார் போட வேண்டும்? உயிலில் எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்) என்று யாரையும் போடவில்லை.

27 ஆகஸ்ட் 2024 · பழைய குமாஸ்தா

அப்படியானால் உங்களுக்குப் புரொபேட் கிடையாது. அதை எக்ஸிக்யூட்டருக்கு மட்டும்தான் தருவார்கள், 222-ஆம் பிரிவு. உங்கள் அம்மா கேட்க வேண்டியது உயில் இணைத்த லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (சொத்தை நிர்வகிக்க கோர்ட் தரும் அதிகாரப் பத்திரம்), 232. பலன் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம்: இதற்கு 291-ஆம் பிரிவில் ஜாமீன் பத்திரம் எழுதித் தர வேண்டும். எக்ஸிக்யூட்டர் என்ற சொல் இல்லாவிட்டாலும் "என் மகன் என் கடன்களை அடைத்து இன்னின்னபடி பிரித்துக் கொடுக்க வேண்டியது" என்பது போல ஒரு வரி இருந்தால் அதை நியமனமாகவே எடுத்துக்கொள்ளலாம். உயிலை அந்தக் கண்ணோடு மறுபடி ஒருமுறை படியுங்கள்.

இறந்து 7 நாள் ஆகாமல் புரொபேட்டும் 14 நாள் ஆகாமல் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனும் வழங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அவ்வளவு வேகமாக யாருக்கும் கிடைத்ததில்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

2 செப்டம்பர் 2024 · பழைய குமாஸ்தா

காகிதங்கள். கோர்ட் ரெஜிஸ்ட்ரியில் மனு ரிட்டர்ன் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டமல்ல, காகிதம்.

இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும், உயிலில் உள்ள பெயரும், ஃபிளாட் பத்திரத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால் என்றால் "இருவரும் ஒருவரே" என்று மனுவிலேயே ஒரு பத்தி எழுதிவிடுங்கள். எழுத்துப்பிழையே என்றால் மாநகராட்சியில் திருத்தி வாங்கிய பிறகு தாக்கல் செய்யுங்கள்.

வாரிசுச் சான்றிதழ்: இ-சேவை வழியாக விண்ணப்பம், கையெழுத்து தாசில்தாருடையது. இது சொத்துரிமை தராது. கோர்ட்டுக்கு இது யார் யாருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்ற பட்டியல்.

அந்தப் பட்டியலில் அடிக்கடி விடுபடுகிறவர் பாட்டி. ஆண் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் இல்லை. உங்கள் அப்பா இறந்த அன்று பாட்டி உயிரோடு இருந்து, பிறகு காலமாகியிருந்தால், பாட்டியின் மற்ற பிள்ளைகளும், அதாவது உங்கள் சித்தப்பாக்களும் அத்தைகளும், எதிர்மனுதாரர்கள் ஆவார்கள். உயில் எல்லாவற்றையும் அம்மாவுக்கே கொடுத்திருந்தாலும் இவர்களுக்குத் தகவல் போயாக வேண்டும், ஏனென்றால் உயில் பொய் என்றாகிவிட்டால் இவர்களுக்குப் பங்கு வரும். முன்பே இறந்துபோன மகனின் மனைவி, பிள்ளைகளும் அப்படியே. இதை மறைத்து வாங்கிய உத்தரவை 263-ஆம் பிரிவில் பிற்பாடு ரத்து செய்ய முடியும், வீட்டை விற்ற பிறகுகூட.

உயில் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். 277-ஆம் பிரிவு கோர்ட் மொழிபெயர்ப்பாளரைச் சொல்கிறது. நீங்களே செய்து நோட்டரி முத்திரை குத்திக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். கைப்பட எழுதிய உயிலில் படிக்க முடியாத இடங்கள் இருந்தால் இங்கேதான் நாள் ஓடும்.

சொத்து மதிப்புப் பிரமாணப் பத்திரம்: ஒரு பட்டியலில் சொத்துகள், இன்னொன்றில் கழிக்க வேண்டிய கடன்கள். வீட்டுக் கடன் பாக்கி, கடைசி ஆஸ்பத்திரி பில், ஈமச் செலவு எல்லாம் ரசீதோடு கடன் பட்டியலில் வரலாம். பலர் இதைக் காலியாக விட்டுவிட்டு முழு மதிப்புக்கும் கட்டணம் கட்டுகிறார்கள். அவர் பிறருக்காக டிரஸ்டியாக வைத்திருந்த சொத்து மதிப்பில் சேராது.

2 செப்டம்பர் 2024 · கடற்கரைச் சாலை

கோர்ட் கட்டணத்தில் ஒரு தேதி முக்கியம். தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டம் 1955, பிரிவு 56. இறந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால் இறந்த நாளின் மார்க்கெட் மதிப்பு. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மனு போடும் நாளின் மதிப்பு. நடுவில் வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டால் திருவல்லிக்கேணி ஃபிளாட்டுக்கு அந்த வித்தியாசம் சின்னத் தொகையாக இருக்காது. மதிப்பீட்டுத் தாள் இரண்டு பிரதி, ஒன்று கலெக்டருக்குப் போகும். குறைத்துக் காட்டினால் அங்கிருந்து கேள்வி வரும்.

3 செப்டம்பர் 2024 · தாளும் பேனாவும்

வக்கீல் ஃபீஸ் எவ்வளவு?

3 செப்டம்பர் 2024 · பழைய குமாஸ்தா

அதற்கு மட்டும் சட்டத்தில் அட்டவணை இல்லை.

15 செப்டம்பர் 2024 · பழைய குமாஸ்தா

உள்ளே போன பிறகு நடக்கும் வரிசை.

மனு, உயில், பிரமாணப் பத்திரங்கள், டைப்டு செட் (ஆவண நகல்களின் தொகுப்பு), வக்காலத்து எல்லாம் தாக்கலாகி எஸ்.ஆர். எண் (தற்காலிகத் தாக்கல் எண்) விழும். ரெஜிஸ்ட்ரி குறை கண்டால் ரிட்டர்ன். திருத்தி மறுபடி கொடுக்க ஒரு கெடு தருவார்கள். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு. குறை எல்லாம் தீர்ந்தால் ஓ.பி. எண் (மனுவின் நிரந்தர எண்).

அசல் உயில் இந்தக் கட்டத்திலேயே கோர்ட்டுக்குப் போய்விடுகிறது, திரும்ப வராது. 294-ஆம் பிரிவுப்படி கோர்ட்டிலேயே பத்திரமாக இருக்கும். உங்களுக்கு வருவது முத்திரையோடு உயில் நகல் இணைத்த உத்தரவு. ஆகவே தாக்கல் செய்யும் முன் எல்லாப் பக்கத்தையும், பின்பக்கங்களையும் சேர்த்து, கலரில் ஸ்கேன் எடுத்து வையுங்கள். அசலில் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றாதீர்கள். ஓட்டைகள் கூடுதலாக இருந்தால் "பக்கம் மாற்றப்பட்டதா" என்ற கேள்வி வரும்.

பிறகு வாரிசுகளுக்கு நோட்டீஸ், பொதுவான சைட்டேஷன் (ஆட்சேபம் இருந்தால் வரச் சொல்லும் கோர்ட் அறிவிப்பு), ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம். துண்டை வெட்டி வைக்காமல் தேதி தெரிகிற முழுப் பக்கத்தையும் தாக்கல் செய்யுங்கள். ஆட்சேபம் இல்லை என்று ஒப்புதல் பிரமாணம் கொடுத்த வாரிசுகளுக்கு நோட்டீஸ் வேலை மிச்சம். மைனர் வாரிசு இருந்தால் அவருக்குக் காப்பாளர் நியமனம் ஆக வேண்டும். அந்த மைனரின் நலனுக்கு எதிரான பங்கு வாங்குகிறவரே காப்பாளராக நிற்க முடியாது.

எதிர்ப்பு வராவிட்டால் சாட்சியம் மாஸ்டர் (சாட்சியம் பதிவு செய்யும் கோர்ட் அதிகாரி) முன்னால். மனுதாரர் முதல் சாட்சி, உயிலின் சாட்சி இரண்டாவது. உயிலைக் காட்டி, கையெழுத்தைக் காட்டி, எக்ஸிபிட் எண் போட்டு முடிப்பார்கள். அப்புறம் நீதிபதி முன் உத்தரவு.

உத்தரவு சொன்னவுடன் முடிந்துவிட்டதாக நினைத்து ஊருக்குப் போய்விடுவார்கள். கட்டணப் பாக்கி, ஜாமீன் பத்திரம் எல்லாம் முடித்து முத்திரை போட்ட ஆவணம் கைக்கு வந்தால்தான் முடிவு.

15 செப்டம்பர் 2024 · உயில்தேடி

தங்கை துபாயில். ஒப்புதல் தரத் தயார். வாட்ஸ்அப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஆகுமா?

16 செப்டம்பர் 2024 · கடற்கரைச் சாலை

ஆகாது. இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்ட அசல் பிரமாணப் பத்திரம் தபாலில் வர வேண்டும். பவர் கொடுத்து இங்கே ஒருவரை நிற்க வைப்பதாக இருந்தால், அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வந்த தேதியைக் காட்ட கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள்.

4 நவம்பர் 2024 · தாளும் பேனாவும்

கேவியட் (உயிலுக்கு ஆட்சேபம்) விழுந்தால் எவ்வளவு வருஷம்?

5 நவம்பர் 2024 · பழைய குமாஸ்தா

கேவியட்டும் அதற்கு ஆதரவான பிரமாணமும் விழுந்தால் ஓ.பி. அப்படியே டி.ஓ.எஸ். (உயில் பற்றிய அசல் வழக்கு) ஆகிவிடும், சாதாரண சிவில் வழக்கு மாதிரி. எழுத்துரை, இஷ்யூ, குறுக்கு விசாரணை, வாதம். மாதக் கணக்கு போய் வருஷக் கணக்கு.

ஆனால் யார் வேண்டுமானாலும் கேவியட் போட முடியாது. உயில் இல்லையென்றால் தனக்குப் பங்கு வரும் என்று காட்டுகிறவருக்கே அந்த உரிமை. "அந்த ஃபிளாட்டே அவருடையதில்லை, என்னுடையது" என்று வருகிறவருக்கு இங்கே இடமில்லை. பிர்லா-லோதா வழக்கில், 2008, இதை நீளமாக அலசியிருக்கிறார்கள். காரணம் எளிது: இந்தக் கோர்ட் பார்ப்பது உயில் உண்மையா, முறையாக எழுதப்பட்டதா, எழுதியவர் சுயபுத்தியோடு இருந்தாரா என்பதை மட்டும். சொத்து யாருடையது என்பது வேறு வழக்கு. பூர்வீகச் சொத்தைத் தன்னுடையது என்று ஒருவர் முழுவதுமாக உயில் எழுதிவைத்து, அதற்குப் புரொபேட் கிடைத்தாலும், அவர் பங்குக்கு மேல் ஒரு செங்கல்கூடச் சேராது.

6 நவம்பர் 2024 · கடற்கரைச் சாலை

கேவியட் போட்ட உறவினரோடு சமரசம் ஆனாலும் உயிலை நிரூபிக்காமல் புரொபேட் கிடைக்காது. "இரு தரப்பும் ஒத்துக்கொண்டோம்" என்பதை வைத்து கோர்ட் உயிலை உண்மையாக்க முடியாது, சாட்சி வந்தே ஆக வேண்டும்.

19 பிப்ரவரி 2025 · தாளும் பேனாவும்

தாத்தா இறந்து பதினோரு வருஷம். மூன்று வருஷக் கெடு முடிந்துவிட்டதா?

19 பிப்ரவரி 2025 · பழைய குமாஸ்தா

காலவரைச் சட்டம் 137 புரொபேட்டுக்கும் பொருந்தும், மூன்று வருஷம். ஆனால் கணக்கு இறந்த நாளிலிருந்துதான் என்று இல்லை; மனு போட வேண்டிய அவசியம் எப்போது எழுந்ததோ அதிலிருந்து. குன்வர்ஜித் சிங் கந்த்பூர் வழக்கு, 2008. யாரோ உயிலை மறுத்தார்கள் என்றால் அந்தத் தேதி ஆபத்தான தேதி. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் தரப்பு விதிகளில், மூன்று வருஷம் தாண்டிய மனுவில் தாமதத்துக்கு விளக்கம் எழுதியாக வேண்டும். அந்தப் பத்தி இல்லாவிட்டால் ரிட்டர்ன் நிச்சயம். "குடும்பத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்ததால் தேவைப்படவில்லை" என்பது நேர்மையான காரணமாக இருந்தால் அதையே எழுதலாம்.

3 ஜூன் 2025 · உயில்தேடி

வங்கியில் வைப்புநிதிக்கு என் பேர் நாமினி. உயில்படி அம்மாவுக்கு. வங்கி எனக்கே கொடுத்துவிட்டது. அப்படியானால் பணம் என்னுடையதா?

3 ஜூன் 2025 · கடற்கரைச் சாலை

இல்லை. வங்கி உங்களிடம் கொடுத்ததும் அதன் பொறுப்பு தீர்ந்தது. பணம் உயில்படி அம்மாவுடையது, கொடுத்துவிடுங்கள். பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் கதை வேறு.

உயிலே இல்லாதவர்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சக்ஸஷன் சர்டிபிகேட் பணம், பங்கு, கடன் பத்திரங்களுக்குத்தான். வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு அலையாதீர்கள்.

21 அக்டோபர் 2025 · பழைய குமாஸ்தா

உத்தரவு கைக்கு வந்தவர்களுக்கு. 317-ஆம் பிரிவுப்படி 6 மாதத்தில் சொத்துப் பட்டியல், 1 வருஷத்தில் கணக்கு, கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். யாரும் துரத்த மாட்டார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்குப் பிற்பாடு அது தலைவலி. உயர் நீதிமன்ற உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும், பெங்களூரில் மனை இருந்தாலும். சான்றிட்ட நகல்கள் நாலைந்து ஒரே விண்ணப்பத்தில் வாங்குங்கள்: சொத்து வரி, மெட்ரோ வாட்டர், மின் இணைப்பு, பட்டா, ஃபிளாட் சங்கம், ஒவ்வொருவரும் ஒன்று கேட்பார்கள். புரொபேட்டும் தானாக வில்லங்கத்தில் ஏறாது. விற்கும்போது பத்திரத்தின் முன்வரலாற்றில் ஓ.பி. எண்ணும் தேதியும் எழுதச் சொல்லுங்கள்.

5 ஜனவரி 2026 · கடற்கரைச் சாலை

இந்த இழையின் முதல் பதிலையே மாற்றிப் படிக்க வேண்டிய நேரம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரத்து மற்றும் திருத்தச் சட்டம் 213-ஆம் பிரிவை நீக்கிவிட்டது. சென்னை, மும்பை, கொல்கத்தாவில் இருந்த கட்டாயம் போய்விட்டது. மேலே எல்லை, ஊர் பற்றி எழுதியதெல்லாம் 2024 நிலை.

5 ஜனவரி 2026 · தாளும் பேனாவும்

அப்போ தரகர் ஜெயித்துவிட்டார்!

6 ஜனவரி 2026 · பழைய குமாஸ்தா

பாதிதான். போனது கட்டாயம். 222, 232, 276 எல்லாம் அப்படியே இருக்கின்றன, விரும்பினால் மனு போடலாம். சாட்சியை அழைத்து நிரூபிக்க வேண்டும் என்ற விதியும் போகவில்லை. நாளை யாராவது பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் அந்த வழக்கில் அதே சாட்சி, அதே நாலு வரி. அப்போது சாட்சிக்கு வயது பத்து கூடியிருக்கும். புரொபேட் ஒருமுறை கிடைத்தால் எல்லோரையும் கட்டுப்படுத்தும். இல்லையென்றால் ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக நிரூபிக்க வேண்டும்.

வாரிசுகள் எல்லோரும் ஒரே மனதாக இருக்கிற வீட்டுக்கு, என் கருத்தில், இனி கோர்ட் வேண்டாம். மற்ற வாரிசுகளிடம் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கிப் பதிவு செய்துகொண்டாலே வாங்குகிறவரின் வக்கீல் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார். ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தாலோ, உயில் ஒரு பிள்ளையை ஒதுக்கியிருந்தாலோ, சாட்சிக்கு உடம்பு முடியவில்லை என்றாலோ, புரொபேட்டை விடாதீர்கள்.

6 ஜனவரி 2026 · உயில்தேடி

எங்கள் ஓ.பி. இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வாபஸ் வாங்கிவிடலாமா?

7 ஜனவரி 2026 · பழைய குமாஸ்தா

எந்தக் கட்டம் என்று பாருங்கள். நோட்டீஸ், விளம்பரம் முடிந்து சாட்சியத்துக்கு நிற்கிறதென்றால் முடித்து வாங்கிவிடுங்கள், மிச்சம் கொஞ்சம்தான். ரிட்டர்ன் காகிதமாகவே இருக்கிறதென்றால், தங்கையும் சித்தப்பாக்களும் விடுதலை எழுதத் தயாரா என்று முதலில் கேளுங்கள். வாபஸ் வாங்குவதானால் அசல் உயிலைத் திருப்பித் தரும்படி அந்த வாபஸ் மனுவிலேயே சேர்த்துக் கேளுங்கள். தனியாகப் பிறகு கேட்பது இன்னொரு மனு, இன்னொரு வாய்தா.

9 ஜனவரி 2026 · உயில்தேடி

நோட்டீஸ் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. தமிழ்ப் பத்திரிகை விளம்பரத்தில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு.

9 ஜனவரி 2026 · பழைய குமாஸ்தா

அந்த ஓர் எழுத்துக்கு மறு விளம்பரம் கேட்பார்கள். இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் புரூஃபை நீங்களே பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், ஏஜென்சியிடம் விடாதீர்கள்.